இலைக் கணக்கும் மின்னஞ்சலும் ஒரே சர்வரில்: வாசகர் கேள்வி – பதில்

தரவுத்தளத்தையும் மெயில் சர்வரையும் ஒரே கணினியில் ஓட்டுவது பற்றி நீலகிரியிலிருந்து வந்திருக்கும் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, கோத்தகிரிக்கு அருகில் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே சர்வர்: நான்கு கோர் செயலி, 8 ஜிபி ரேம், ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் இரண்டு 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்குகள். சுமார் 1,500 சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக் கணக்கு அதில் மரியாடிபி தரவுத்தளத்தில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் (அஞ்சலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (பெட்டிகளில் வைத்துக் காட்டுவது), கிளாம்ஏவி (வைரஸ் சோதனை), ஸ்பாம்அசாசின் (குப்பை அஞ்சல் வடிகட்டி) ஆகியவற்றைக் கொண்டு 40 பேருக்கான மின்னஞ்சலும் அதிலேயே ஓடுகிறது. மாலையில் கொள்முதல் மையங்களிலிருந்து எடை விவரங்கள் வந்து குவியும்போது பதிவுத் திரை சில சமயம் ஒரு நிமிடம்வரை உறைந்து நிற்கிறது. குன்னூர் ஏலம் நடக்கும் வியாழன், வெள்ளிக் கிழமைகளில் அஞ்சல் போக்குவரத்து அதிகம் என்பதால் நிலைமை இன்னும் மோசம். சில இரவுகளில் தரவுத்தளம் தானாகவே நின்று, மீண்டும் எழுகிறது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ (ரேம் தீர்ந்தது) என்ற வரியும் மரியாடிபியின் பெயரும் காணப்படுகின்றன. வேலைப்பளுவைக் காட்டும் லோடு ஆவரேஜ் 14 வரை போகிறது. இணையத்தில் படித்தபடி, தரவுத்தளம் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான பஃபர் பூலுக்கு 6 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். ரேமை 16 ஜிபி ஆக்கினால் தீருமா, செயலியையே மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரவில் தரவுத்தளம் நின்றுபோவது ரேம் போதாமையால். மாலையில் திரை உறைவது, நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், வட்டின் முன் உண்டாகும் நெரிசலால். ரேமை இரட்டிப்பாக்கினால் முதலாவது மறையக்கூடும், இரண்டாவது இருந்த இடத்திலேயே இருக்கும். செயலியை மாற்றுவதால் இரண்டுமே தீராது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இரண்டையும் தனித்தனியே பார்த்துவிடுவோம்.

முதலில் இரவு நேரத்துச் சிக்கல். மொத்த ரேமில் எழுபது, எண்பது விழுக்காட்டை பஃபர் பூலுக்குக் கொடுக்கலாம் என்ற அறிவுரை தவறானதன்று. ஆனால் அது தரவுத்தளத்தைத் தவிர வேறெதுவும் ஓடாத கணினிக்குச் சொல்லப்பட்டது. பஃபர் பூல் 6 ஜிபி என்றால், இணைப்புகளுக்கான தனி இடங்களும் மற்ற உள்வேலைகளும் சேர்ந்து மரியாடிபி அதற்கு மேலேயே எடுத்துக்கொள்ளும். கிளாம்ஏவியின் பின்னணிச் சேவையான கிளாம்டி, வைரஸ் அடையாளப் பட்டியல் முழுவதையும் ரேமிலேயே வைத்திருப்பதால், ஓர் அஞ்சல்கூட வராமல் சும்மா இருக்கும்போதும் 1 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஸ்பாம்அசாசின் இயல்பாகவே ஐந்து கிளைகள்வரை தொடங்கும். ஒவ்வொரு கிளையும் நூறு எம்பியை நெருங்கக்கூடும். இவற்றோடு பதிவுத் திரைக்கான வலை மென்பொருளையும் டவ்காட்டையும் இயங்குதளத்தையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு 8 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருந்தும் பல நாட்கள் பிரச்சினையில்லாமல் ஓடுவதற்குக் காரணம், பஃபர் பூல் தன் இடத்தை ஒரேயடியாக நிரப்பாமல், தரவைத் தொடத் தொடத்தான் நிரப்பிக்கொண்டு போகிறது என்பதே. மறுதொடக்கம் செய்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரிவதும், சில நாட்களில் பழைய கதை திரும்புவதும் இதனால்தான்.

அந்த நிலையில் கடைசி அடியைக் கொடுப்பது பெரும்பாலும் கிளாம்டி. 2020இல் வந்த 0.103 பதிப்பிலிருந்து, புதிய அடையாளப் பட்டியல் வந்து இறங்கும்போது, பழைய பட்டியலைக் கைவிடாமலேயே புதியதையும் ரேமில் ஏற்றி, ஏற்றி முடித்த பிறகுதான் பழையதை விடுவிக்கிறது. அஞ்சல் சோதனை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சிறிது நேரத்துக்கு அது பிடிக்கும் ரேம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ரேம் தீர்ந்துபோனால் லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு செயலை (புராசஸ்) நிறுத்தியே ஆக வேண்டும், அது பொதுவாகத் தேர்ந்தெடுப்பது அதிக ரேம் வைத்திருக்கும் செயலை. உங்கள் சர்வரில் அது மரியாடிபி. குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு. கெர்னல் பதிவில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டுத் தரவுத்தளத்தில் பழுது தேடுகிறவர்கள் பல வாரங்களை வீணாக்குவது இங்கேதான். கிளாம்டியின் அமைப்புக் கோப்பில் ‘கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோடு’ என்ற வரியை ‘நோ’ என்று மாற்றுங்கள். பட்டியல் ஏறும் சிறிது நேரம் வைரஸ் சோதனை காத்திருக்கும், அதனால் அஞ்சல் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. இரவு நேர பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையும் பார்த்து, அந்த வேலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தள்ளி வையுங்கள்.

அடுத்தது, தரவுத்தளத்துக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். 1,500 விவசாயிகளும் ஆண்டின் 365 நாட்களும் இலை கொண்டுவருவதாகவே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் வரிகள் சேரும். ஒரு வரிக்கு 200 பைட் என்றால் 110 எம்பி. விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்களுக்காக அதை இரட்டிப்பாக்கினால் 220 எம்பி. எட்டு ஆண்டுக் கணக்கு முழுவதும் 1.8 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையில் எந்த விவசாயியும் தினமும் பறிப்பதில்லை, மாலையில் நீங்கள் தொடுவது நடப்பு மாதத்தையும் முந்தைய மாதத்தையும் மட்டுமே. ஆகவே 2 ஜிபி பஃபர் பூல் தாராளம். மரியாடிபி 10.2 முதல் இந்த அளவை, தரவுத்தளத்தை நிறுத்தாமலேயே, இரவில் ஒரு கட்டளையால் குறைக்க முடியும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டும் என்பதால் அமைப்புக் கோப்பிலும் மாற்ற மறக்க வேண்டாம். குறைத்த பிறகு ‘பஃபர் பூல் ரீட்ஸ்’, ‘ரீட் ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற இரு எண்களை ஒரு மாலை முழுவதும் கவனியுங்கள். முதலாவது வட்டுவரை போக நேர்ந்த வாசிப்புகளின் எண்ணிக்கை, இரண்டாவது மொத்த வாசிப்புகள். ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் முதலாவது இருந்தால் குறைத்ததால் எந்த நட்டமும் இல்லை.

இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை இயல்பாக 151 என்று இருக்கும்; உங்கள் மையங்களுக்கும் அலுவலகத்துக்கும் 40 போதும். ஒவ்வொரு இணைப்பும் வரிசைப்படுத்தவும் சேர்த்துப் பார்க்கவும் தனித்தனியே இடம் எடுக்கும் என்பதால், இந்த எண்ணைக் குறைப்பது ரேமின் உச்சவரம்பை நீங்களே நிர்ணயிப்பதற்குச் சமம். இப்படிச் செய்தால் மரியாடிபிக்கு மொத்தம் இரண்டரை ஜிபி, கிளாம்டிக்கு ஒன்றரை, இரண்டு கிளைகளாகக் குறைத்த ஸ்பாம்அசாசினுக்குக் கால் ஜிபி, வலை மென்பொருளுக்கும் டவ்காட்டுக்கும் சேர்த்து ஒரு ஜிபி என்று ஐந்தேகால் ஜிபியில் முடிகிறது. மீதியை யாருக்கும் பங்கு போடாதீர்கள். இயங்குதளம் அதைக் கோப்புகளுக்கான தற்காலிக இடமாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஒவ்வோர் அஞ்சலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறையில், 40 பேரின் பெட்டிகள் விரைவாகத் திறப்பது அந்த மீதியால்தான்.

இந்த ஒப்பந்தத்தைக் காகிதத்தில் வைத்திருந்தால் போதாது, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மூலம் நடைமுறைப்படுத்தவும் வேண்டும். மரியாடிபியின் சேவைக் கோப்பில் ‘ஊம் ஸ்கோர் அட்ஜஸ்ட்’ மதிப்பை மைனஸ் 600 ஆகவும், கிளாம்டியில் பிளஸ் 500 ஆகவும் வைத்தால், எப்போதாவது ரேம் தீர்ந்தாலும் கெர்னலின் கை முதலில் கிளாம்டியின் மேல்தான் விழும். கிளாம்டிக்கு ‘மெமரி மேக்ஸ்’ 2 ஜிபி என்று வரம்பு போடுங்கள். அதற்குத் தேவையான அளவுக்குக் கீழே போட்டால் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ‘சிபியு வெயிட்’ இயல்பாக எல்லாவற்றுக்கும் 100. மரியாடிபிக்கு 400, ஸ்பாம்அசாசினுக்கும் கிளாம்டிக்கும் 50 என்று கொடுக்கலாம். இந்த எடை, செயலிக்குப் போட்டி இருக்கும்போது மட்டுமே பேசும். போட்டி இல்லாதபோது யாரையும் கட்டுப்படுத்தாது. ரேமில் இருப்பதை வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்கு நகர்த்தும் போக்கைக் காட்டும் ‘ஸ்வாப்பினஸ்’ மதிப்பை 60இலிருந்து 10ஆகக் குறைத்துவிடுங்கள்.

இனி மாலைச் சிக்கல், என் பார்வையில் இதுதான் முக்கியமானது. நான்கு கோர் உள்ள கணினியில் லோடு ஆவரேஜ் 14 என்றதும் செயலி திணறுகிறது என்று எண்ணத் தோன்றும். லினக்ஸ் அந்த எண்ணில், செயலிக்காகக் காத்திருப்பவற்றோடு வட்டுக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. திரை உறையும் அதே நேரத்தில் ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையை ஒரு நொடி இடைவெளியில் ஓடவிட்டு, கடைசிப் பகுதியில் ‘டபிள்யூஏ’ என்ற பத்தியைப் பாருங்கள். அது உயர்ந்தும், செயலி வேலையைக் காட்டும் ‘யுஎஸ்’ தாழ்ந்தும் இருந்தால் நெரிசல் வட்டில். ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ பத்திகளில் தொடர்ந்து எண்கள் ஓடினால், ரேம் பற்றாக்குறை ஸ்வாப் வழியாக வட்டைத் தாக்குகிறது என்று பொருள். மேலே சொன்ன மாற்றங்களைச் செய்ததும் அது தணிந்துவிடும்.

தணிந்த பிறகும் மிஞ்சுவது எஃப்சிங்க் நெரிசல், அதாவது எழுதியது வட்டில் பதிந்துவிட்டதா என்று உறுதி கேட்டுக் காத்திருப்பதால் வரும் நெரிசல். 7200 ஆர்பிஎம் என்றால் வட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, நொடிக்கு 120 சுற்று. எழுதிய ஒரு தகவல் வட்டில் உண்மையாகவே பதிந்துவிட்டது என்ற உறுதியைப் பெற, தலைப்பகுதி சரியான தடத்துக்கு நகர்ந்து, தகடு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு நூறு உறுதிகளுக்கு மேல் அப்படிப்பட்ட வட்டிடம் எதிர்பார்க்க முடியாது. இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று நகல் என்பதால், எழுதும் வேகம் அதனால் கூடுவதில்லை. மரியாடிபி ஒவ்வோர் எடைப் பதிவையும் உறுதிசெய்யும்போது ஓர் எஃப்சிங்க் செய்கிறது. போஸ்ட்ஃபிக்ஸும், ஓர் அஞ்சலை ஏற்றுக்கொண்டேன் என்று அனுப்புநருக்கு 250 என்ற எண்ணால் பதில் சொல்வதற்கு முன், வரிசைக் கோப்பை எஃப்சிங்க் செய்துவிட்டுத்தான் சொல்கிறது. வைரஸ் சோதனைக்காக வெளியே கொடுத்துத் திரும்பப் பெறும் முறையில் நீங்கள் அமைத்திருந்தால், ஒரே அஞ்சல் இரண்டு முறை வரிசைக்குள் நுழையும். பிறகு டவ்காட் அதைப் பெட்டியில் போடும்போது மீண்டும் ஓர் எஃப்சிங்க். அரவேணுவிலோ கட்டபெட்டிலோ ஒருவர் எடையை உள்ளிட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவருக்கு முன்னால் விளம்பர அஞ்சல்கள் வட்டின் வாசலில் நின்றுகொண்டிருக்கின்றன.

இதற்கு எளிய வழி என்று பலரும் சொல்வது, ‘ஃபிளஷ் லாக் அட் டிரான்ஸாக்‌ஷன் கமிட்’ என்ற மதிப்பை 1இலிருந்து 2ஆக மாற்றுவது. அப்போது மரியாடிபி ஒவ்வொரு பதிவுக்கும் எஃப்சிங்க் செய்யாமல், ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை மொத்தமாகச் செய்யும். வேகம் கண்கூடாகக் கூடும். மின்சாரம் திடீரென்று போனால் கடைசி ஒரு நொடியளவு பதிவுகள் போய்விடும். நான் இதை உங்களுக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது கோத்தகிரிப் பக்கம் புதிதல்ல, யுபிஎஸ் பேட்டரியும் என்றாவது ஒரு நாள் கைவிடும். விவசாயியின் கையில் எடைச் சீட்டு இருந்து, தரவுத்தளத்தில் அந்த எடை இல்லாமல் போனால், அந்த வழக்கைத் தீர்க்க எந்தப் பதிவேடும் உங்களிடம் இருக்காது. சீட்டு அச்சாகிவிட்டது என்றால் எடை வட்டில் ஏறிவிட்டது என்ற உறுதி அந்த மனிதருக்கு இருந்தாக வேண்டும். அதே நியாயம் அஞ்சலுக்கும் உண்டு: 250 என்று சொன்ன நொடியில் அஞ்சலின் பொறுப்பு உங்கள் சர்வருக்கு வந்துவிடுகிறது, அனுப்பியவர் தன் பிரதியை அழித்துவிடலாம். ஆகவே அங்கேயும் எஃப்சிங்கை நிறுத்தக் கூடாது.

இரண்டு தரப்பின் உறுதிமொழியும் சமமானதுதான். அதை எப்போது கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. எடை போடுபவர் காத்திருக்க முடியாது, அஞ்சல் காத்திருக்கலாம். அஞ்சல் நெறிமுறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. 2008இல் வெளியான அதன் ஆவணமான ஆர்எஃப்சி 5321, எதிர்முனை இப்போது ஏற்க முடியவில்லை என்று தற்காலிக மறுப்புச் சொன்னால், அனுப்பும் சர்வர் விட்டு விட்டு முயல வேண்டும், கைவிடுவதற்கு முன் பொதுவாக நான்கைந்து நாட்களாவது பொறுக்க வேண்டும் என்கிறது. ஆகவே மாலை இரண்டு மணி நேரம் உங்கள் மெயில் சர்வர் மெதுவாக நடந்தால் ஓர் அஞ்சலும் தொலையாது. போஸ்ட்ஃபிக்ஸில் ஒவ்வொரு வகைச் செயலுக்கும் இயல்பாக உள்ள 100 என்ற வரம்பை 20ஆகக் குறையுங்கள். நெருக்கடி வந்தால் அதுவே, வெளியிலிருந்து இணைவோருக்குக் கொடுக்கும் 300 நொடி அவகாசத்தை 10 நொடியாகச் சுருக்கிக்கொள்ளும் திறன் 2.5 பதிப்பு முதல் அதில் இருக்கிறது. கிளாம்டியின் ‘மேக்ஸ் திரெட்ஸ்’ பத்திலிருந்து இரண்டாகட்டும். ஏல நாட்களில் பெரிய இணைப்புகளோடு வரும் அஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு வரட்டும்.

வட்டு வேலையையும் ‘ஐஓ வெயிட்’ கொண்டு பங்கிடலாம். ஆனால் எஃப்சிங்க் நெரிசலை அது முழுதும் தீர்க்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். உறுதியான வழி வட்டைப் பிரிப்பது. ரேமுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில், மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் பாதுகாப்பு வசதி உள்ள எஸ்எஸ்டி இரண்டை வாங்கி, ஒன்றுக்கொன்று நகலாக்கி, அவற்றில் மரியாடிபியை மட்டும் வையுங்கள். அஞ்சல் பழைய வட்டுகளிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மஞ்சூர் பக்கத்திலுள்ள எங்கள் தொழிற்சாலையில், மாதத் தொடக்கத்தில் 1,200 பேருக்கு இலைக் கணக்குப் பட்டியலை பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்புகிறோம். அன்று சர்வர் முழு நாளும் தள்ளாடுகிறது. அஞ்சல் அனுப்பும் வேகத்தைக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது என்றே நினைக்கிறேன், ஏனெனில் 1,200 அஞ்சல் என்பது போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஒரு பொருட்டே அல்ல, அதன் செயல்வரிசை ஒரே நேரத்தில் 20,000 அஞ்சல்களைக் கையாளும் வகையில் அமைந்தது. பட்டியலை உருவாக்கும் நிரல், ஒவ்வொரு விவசாயிக்கும் தரவுத்தளத்தில் என்ன கேட்கிறது என்பதைப் பாருங்கள். விவசாயி எண்ணும் தேதியும் சேர்ந்த இண்டெக்ஸ் இல்லாவிட்டால், ஒரு பட்டியலுக்காக அட்டவணை முழுவதும் படிக்கப்படும். அது 1,200 முறை நடக்கும். ‘ஸ்லோ க்வெரி லாக்’ வசதியை இயக்கி, இயல்பாகப் பத்து நொடியாக உள்ள வரம்பை ஒரு நொடியாக்கினால் குற்றவாளிக் கேள்வி அதில் வந்து விழும். ‘எக்ஸ்ப்ளெயின்’ கட்டளையால் அதைச் சோதித்து, வேண்டிய இண்டெக்ஸை உருவாக்குங்கள்.

அடுத்து, பிடிஎஃப் உருவாக்கும் வேலையையும் அனுப்பும் வேலையையும் பிரித்துவிடுங்கள். முதலாவதை நள்ளிரவுக்குப் பின் ‘நைஸ்’ கொடுத்துத் தாழ்ந்த முன்னுரிமையில் ஓடவிட்டால், காலையில் இலை வரத் தொடங்கும் முன் கோப்புகள் தயாராக இருக்கும். பெறுநர்களில் பெரும்பாலோர் ஒரே இலவச அஞ்சல் சேவையில் இருப்பார்கள் என்பதால், அந்த இலக்குக்கு அஞ்சலுக்கு ஒரு நொடி என்று ‘ரேட் டிலே’ வைக்கலாம். 1,200 அஞ்சல் இருபது நிமிடத்தில் போய்விடும். ஆனால் அந்தத் தாமதத்தைப் பொதுவாக வைத்துவிட்டால், மேலாளர் அவசரமாக அனுப்பும் அஞ்சலும் அதே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். பட்டியல் அனுப்பும் முகவரிக்கு மட்டும் தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) ஒன்றை வரையறுத்து, அதற்கு மட்டுமே தாமதத்தைக் கொடுப்பதுதான் முறை.

கேள்வி: குன்னூரில் ஒரு பள்ளியின் சர்வரில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் போஸ்ட்ஃபிக்ஸும் இருக்கின்றன. சுமார் 200 அஞ்சல் கணக்குகளின் பெயர்களும் அதே மைஎஸ்க்யூஎல்லில் வைக்கப்பட்டுள்ளன. கட்டணம் செலுத்தும் நாட்களில், காசாளரின் திரையில் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று வருகிறது. இணைப்பு எண்ணிக்கையை 500 ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டினால் பிழைச் செய்தி மறையும், ஆனால் அத்தனை இணைப்புகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும் நாளில் ரேம் தீரும். உங்கள் இணைப்புகளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் கட்டண மென்பொருளாக இருக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் பல சிறு செயல்களாகப் பிரிந்து இயங்குவது. கணக்குப் பட்டியலை நேரடியாக மைஎஸ்க்யூஎல்லில் பார்க்கும்படி அமைத்திருந்தால், அதைப் பார்க்க வேண்டிய ஒவ்வொரு செயலும் தனக்கென்று ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும். எரிதங்கள் (ஸ்பாம்) கும்பலாக வரும் நேரத்தில் அப்படிப்பட்ட செயல்கள் நூறுவரை எழும், தரவுத்தளத்தின் இயல்பான 151 இடங்களில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ‘ஷோ பிராசஸ் லிஸ்ட்’ கட்டளையைக் கொடுத்தால், எந்தப் பயனர் பெயரில் எத்தனை இணைப்பு என்பது தெரிந்துவிடும்.

அமைப்புக் கோப்பில் ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற சொல்லுக்கு முன் ‘ப்ராக்ஸி’ என்று சேர்த்தால், போஸ்ட்ஃபிக்ஸின் ப்ராக்ஸிமேப் என்ற செயல் இடையில் நின்று, சில இணைப்புகளை மட்டும் திறந்து எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும். மெயிலுக்கான தரவுத்தளப் பயனருக்கு ‘மேக்ஸ் யூசர் கனெக்‌ஷன்ஸ்’ 20 என்று வரம்பும் போடுங்கள். அந்த வரம்பை மீறும்போது போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிகக் கோளாறு என்று 451 எண்ணில் பதில் சொல்லும், அஞ்சல் பிறகு வரும்; காசாளரின் இடம் பாதுகாப்பாக இருக்கும்.

இருந்தாலும் 200 கணக்குகள் மட்டுமே உள்ள, ஆண்டுக்குச் சில முறையே மாறும் ஒரு பட்டியலுக்காக ஒவ்வோர் அஞ்சலின்போதும் தரவுத்தளத்தின் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பேன். அந்தப் பட்டியலை மணிக்கு ஒரு முறை உரைக்கோப்பாக எடுத்து, ‘போஸ்ட்மேப்’ கொண்டு போஸ்ட்ஃபிக்ஸுக்கு உரிய வடிவில் மாற்றிவிட்டால், அஞ்சலுக்கும் கட்டணக் கணக்குக்கும் இடையிலான அந்தப் பிணைப்பே அறுந்துவிடும். டவ்காட்டின் கடவுச்சொற்களையும் தனிக் கோப்பில் வைக்க முடியும். அதன் பிறகு, பராமரிப்புக்காக மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தினாலும் ஆசிரியர்கள் தங்கள் அஞ்சலைப் படிக்கலாம்.

கேள்வி: ஊட்டியில் எங்கள் தங்கும் விடுதியின் முன்பதிவு, வாடகைக்கு எடுத்த 2 ஜிபி ரேம் கொண்ட விபிஎஸ் (பெரிய கணினி ஒன்றைப் பகிரும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது. ஆறு அஞ்சல் பெட்டிகளும் கிளாம்ஏவியும் அதிலேயே இருக்கின்றன. ஏப்ரல், மே சீசனில் முன்பதிவுப் பக்கம் திறக்கவே நேரமாகிறது. இரண்டையும் அதிலேயே வைத்துச் சமாளிக்க வழி உண்டா?

பதில்: கிளாம்ஏவியோடு சேர்த்து வழி இல்லை. 2 ஜிபியில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. அதை எடுத்துவிட்டு, இயக்கக் கோப்புகளை இணைத்து வரும் அஞ்சல்களைப் பெயரைக் கொண்டே மறுக்கும்படி போஸ்ட்ஃபிக்ஸில் விதி எழுதுங்கள். ஸ்பாம்அசாசினும் இருந்தால் அதற்குப் பதிலாக, சி மொழியில் எழுதப்பட்ட, இலகுவான ஆர்ஸ்பாம்டியை வைக்கலாம். போஸ்ட்கிரெஸின் ‘ஷேர்டு பஃபர்ஸ்’ இயல்பாக 128 எம்பி. ரேமில் கால் பங்கு என்ற அறிவுரையும் தனிக் கணினிக்கே உரியது என்பதால், 256 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘வொர்க் மெம்’ மதிப்பான 4 எம்பியைத் தொட வேண்டாம், அது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே எடுக்கப்படுவது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனிச் செயல் என்பதால், உச்ச எண்ணிக்கையை 100இலிருந்து 20ஆகக் குறைப்பது உங்களுக்கு நேரடி ஆதாயம். சீசனில் ஒரு முறை ‘விஎம்ஸ்டாட்’ காட்டும் ‘எஸ்டி’ பத்தியையும் பாருங்கள். அதில் எண்கள் ஏறியிருந்தால், அதே பெரிய கணினியைப் பகிரும் மற்ற வாடகைதாரர்களால் உங்கள் செயலி நேரம் குறைகிறது, அதை நீங்கள் எந்த அமைப்பாலும் திருத்த முடியாது.

ஆனாலும் உங்கள் நிலையில் நான் அஞ்சலை வெளியே கொண்டுபோய்விடுவேன். ஆறு பெட்டிகளுக்காக, அஞ்சல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளையும் ஐபி முகவரியின் நற்பெயரையும் காத்து வருவது ஒரு தனி வேலை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பைக் கூட்டிவிட்டன. முன்பதிவு உறுதி அஞ்சல் எரித அஞ்சல் பெட்டிக்குள் போய்விட்டால், மலையேறி வரும் குடும்பத்துக்கு அறை உண்டா இல்லையா என்பதே தெரியாமல் போகும். தொழிற்சாலைக்கோ பள்ளிக்கோ உள்ளூரிலேயே சர்வர் இருப்பதால், இணைய இணைப்பு அறுந்த நாளிலும் அலுவலகத்துக்குள் அஞ்சல் நடக்கும் என்ற ஆதாயம் உண்டு. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் விபிஎஸ்ஸில் அந்த ஆதாயமும் இல்லை. மாற்றுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே, அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் ஆயுளை 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பிறகும் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் சில நாட்கள் அங்கே தட்டும் என்பதால், போஸ்ட்ஃபிக்ஸை உடனே நிறுத்தாமல், வருவதைப் புதிய இடத்துக்குத் திருப்பி அனுப்பும்படி ஒரு வாரம் ஓடவிட்டு, பதிவேட்டில் புதிய வரவே இல்லை என்று உறுதியான பிறகு நீக்குங்கள்.